போல்ட் வலது, போர்ட் இடது

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. தாமுவே மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீர். கரண்ட் ஒன்பதுக்கு வந்தது, மதியம் போய்விடும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

வேலை: வெளிநாட்டில் ரைஃபிள் பாகங்கள் விற்கும் கம்பெனி. வாடிக்கையாளர்கள் கேட்பதற்கு இங்கிருந்து டைப் அடித்துப் பதில் சொல்கிறேன். துப்பாக்கியை நான் தொட்டதில்லை. தொட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், தெருமுனையில், பார்க்காத மாதிரி.

இன்றும் அந்தக் கிழவர். ப. என்று வைத்துக்கொள்கிறேன். பெஞ்ச்ரெஸ்ட் சுடுகிறவர். மேசை மேல் மணல் பை, அதில் துப்பாக்கி, எல்லாக் குண்டும் தூரத்துக் காகிதத்தில் ஒரே ஓட்டையில் போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. புதிதாக ஒரு துப்பாக்கி செய்யச் சொல்லப்போகிறார். போல்ட், அதாவது கையால் இழுத்துத் திறக்கிற தண்டு, வலதா இடதா? போர்ட், தோட்டா வைக்கிற திறப்பு, எந்தப் பக்கம்? "இதை யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமே இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

தூக்கமே இல்லையாம்.

ஜூன் 10, செவ்வாய்

பத்து வீட்டுக்கு ஒருவராக அரசாங்கம் வைத்திருக்கும் தலைவர், ஊ மிண்ட், வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் எங்கள் வீட்டுப் பெயர் விழுந்திருக்கிறது.

"ரெண்டு பையன்ல ஒருத்தன் போதும். ஒரு வீட்டுக்கு ஒருத்தர். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. சனிக்கிழமை வார்டு ஆபீஸ்." பர்மியத்தில், மீன் விலை சொல்வதுபோல.

அம்மா அவருக்கு டீ கொடுத்தாள். ஏன் கொடுத்தாள்? ஜெனரேட்டர் வைத்த வீட்டுப் பையன்கள் எல்லாம் பாங்காக்கில். அந்த வீடுகளைக் குலுக்கல் எப்படியோ தாண்டிவிடுகிறது.

சாயங்காலம் தம்பி ராஜு போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கிவிட்டு நனைந்து வந்தான். கேட்டுக்கொண்டான். "நான் போறேண்ணே. நீ ஒரு அரிசி மூட்டை தூக்குவியா?" சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. வீடு ஓடுவது என் சம்பளத்தில். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

ப.வுக்குப் பதில்: வலது கைக்காரர் என்றால் போல்ட் வலது, போர்ட் இடது. வலது கை போல்ட்டிலேயே இருக்கும், இடது கை தோட்டா வைக்கும், துப்பாக்கி பையில் அசையாது. காற்று மாறுவதற்குள் சுட்டு முடிக்கலாம். சுட்ட தோட்டாவின் வெறுங்கூடு வெளியேற வலது பக்கமும் ஒரு திறப்பு வைக்கலாமா என்கிறார். திறப்பு கூடினால் உலோகத்தின் விறைப்பு குறையும் என்றேன். எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

டீக்கடை. ராஜு இடது கையால் வடை தின்றுகொண்டிருந்தான். பக்கத்து மேசையில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர்.

"இடது கையா தம்பி? அங்க துப்பாக்கி எல்லாம் வலது கைக்குத்தான். இடது தோள்ல வெச்சா சூடான கூடு மூஞ்சிக்குக் குறுக்கே பறக்கும்."

"அப்போ மூஞ்சியை வீட்டுலயே வெச்சுட்டுப் போறேன் ஊலே" என்றான் ராஜு, மாமா என்கிற பர்மிய முறையில்.

கடையே சிரித்தது. என் வடையையும் அவன் பக்கம் தள்ளினேன்.

ஜூன் 12, வியாழன்

செய்யக்கூடாது, செய்தேன். வேலை நேரத்தில் ப.விடம் கேட்டேன்: இடது கைக்காரனுக்கு வலது போர்ட் துப்பாக்கி கொடுத்தால் என்ன ஆகும்? என் தம்பிக்கு, என்றும் எழுதிவிட்டேன். பட்டாளம் என்று எழுதவில்லை.

உடனே பதில். நல்ல மனிதர். "பாவம், அது சரிப்படாது. இடது கைக்கு உள்ளதுதான் வேண்டும் என்று தம்பி கண்டிப்பாகக் கேட்கட்டும். விட்டுக்கொடுக்கவே வேண்டாம்."

கண்டிப்பாகக் கேட்கட்டும்.

நன்றி என்று அடித்தேன். வேறு என்ன அடிப்பது? கரண்ட் போனது. அணைந்த திரை முன்னால் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. அம்மா என்னடா என்றாள். ஒன்றுமில்லை.

ஜூன் 13, வெள்ளி

நான் போகிறேன். காரணம்: மூத்தவன். வலது கை. ராஜுவுக்கு வாய் அதிகம், அங்கே முதல் வாரமே அடி வாங்குவான்.

எதிர்க் காரணம்: சம்பளம். பயம். மறுபடியும் பயம்.

ராஜுவிடம் சொன்னேன். "பைத்தியமாண்ணே உனக்கு?" என்று புரண்டு படுத்துக்கொண்டான். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் அவனுடைய கைலிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரம் கிழிந்ததைத் தனியாக எடுத்து வைத்தாள்.

ஜூன் 14, சனி

மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை இல்லை, புழுக்கம்.

வார்டு ஆபீசுக்கு ஒன்றாகப் போனோம். அதுதான் தப்பு. கிளார்க் முன்னால் சண்டை. நான்தான். இல்ல, நான். கிளார்க் பேனாவை வைத்துவிட்டு ரசித்தான்.

"ரெண்டு பேரும் வந்துட்டீங்களா? ரொம்ப நல்லது. பின் தெருவுல ஒரு வீடு பூட்டிட்டு ஓடிட்டாங்க. எனக்கு ஒரு ஆள் குறையுது."

"ஒரு வீட்டுக்கு ஒருத்தர்னு சொன்னாங்க" என்றேன்.

"சொன்னவரையே கேளு."

ஊ மிண்ட் அங்கேதான் இருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு.

கதவில் துப்பாக்கியோடு ஒருவன். இரண்டு பெயர், இரண்டு கைரேகை. அடையாள அட்டைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். திங்கள் காலை லாரி.

வாசலுக்கு வந்ததும் ராஜு கேட்டான். "உன்னை யாருண்ணே வரச் சொன்னது?" அழுகிறான்.

ராஜு மட்டும் போகிறான் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். யார் சொல்வது? நீ சொல்லு. நீ சொல்லுண்ணே. இரண்டு பேரும் இங்கேயே.

மேலிருந்து அவள் குரல்.

"ஒருத்தனாவது மேல வாங்கடா, சோறு ஆறுது."