இடப்பக்கத்துப் படி

மாமி,

இன்று காலை நம் டபுள் கெப் வண்டியை வாங்க ஒருவர் வந்தார். பொத்துவில் பக்கத்து ஆள். அறுகம்பேயில் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்கப்போகிறாராம். பொனட்டைத் திறந்து மூக்கை நுழைத்தார், டயரை உதைத்தார், நிலத்தில் படுத்து அடியைப் பார்த்தார். வண்டி வாங்குகிறவன் செய்ய வேண்டிய சுன்னத்துகளையெல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டு இடப்பக்கக் கதவடியில் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"என்ன காக்கா, ஒரு பக்கத்துக்கு மட்டும் படி போட்டிரிக்கீங்க? அதும் இவ்வளவு பதிவா, நிலத்தோட ஒட்டி?"

அவர் படியின் மேல் ஒட்டியிருந்த றப்பரைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். பள்ளங்கள் எல்லாம் கடையில் வாங்கிய மாதிரியே கிடந்தன. இதை ஒருவரும் மிதிக்கவில்லையா என்று கேட்டார். படியை வெட்டி எடுத்தால் வண்டி வடிவாக இருக்கும் என்று யோசனையும் சொன்னார்.

வடிவு. அந்தச் சொல்லை நானும் ஒரு காலத்தில் இதே வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னவன்தான். ஊரில் யார் வீட்டில் என்ன கதை என்றாலும் பதில் வைத்திருக்கிற இந்த வாய், இன்று காலை மூடிக்கொண்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றுமட்டும் சொல்லி அனுப்பினேன். பிறகு நட்டுகளைக் கழற்றிப் படியை உள்ளே கொண்டுவந்தேன். இப்போது அது பேப்பர் விரித்த மேசையில் என் முன்னால் கிடக்கிறது.

வழக்கமாக நான் உங்களுக்கு ஏதும் சொல்வதென்றால் உங்கள் மகளிடம் சொல்வேன், அவ உங்களிடம் சொல்வா. அந்தப் பாதை இப்போது அடைபட்டுப் போயிற்று. அதனால் முதல் தடவையாக நேரே கதைக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

கலியாணம் முடித்து, எங்கள் ஊர் முறைப்படி ஒரு சூட்கேசோடு உங்கள் வீட்டுக்குள் வந்தவன் நான். வீடு உங்கள் மகளுக்கு நீங்கள் எழுதியது. நான் அதில் போக மனமில்லாத விருந்தாளி. மண்டபத்துக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரை. அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். "மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா எண்டு கேளு புள்ள" என்பீர்கள், இரண்டு முழத்துக்கு அப்பால் நின்று. போதும் எண்டு செல்லு என்பேன் நான், கோழிக்காலைக் கடித்தபடி. நடுவில் நிற்கும் உங்கள் மகள் ஒன்றையும் திருப்பிச் சொல்லமாட்டா. பட்மிண்டன் பார்க்கிறவளைப்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பா.

திரை நிலத்துக்கு ஒரு சாண் மேலே முடிந்துவிடும். ஆகவே உங்கள் முகத்தைவிட உங்கள் பாதங்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். சின்னப் பாதங்கள். வெடித்த குதிக்கால். பெருநாளுக்குப் பெருநாள் சுண்டுவிரல் நகத்தில் மருதோன்றி. உங்களுக்குக் கோபம் என்றால் பெருவிரல் நிமிரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறப்பேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நான் சம்மாந்துறையில் சீமெந்து இறக்கிக்கொண்டிருந்தேன். ஊர் முழுக்க நனைந்த உடுப்போடு சம்மாந்துறைக்குத்தான் ஓடி வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தேடி ஒரு வகுப்பறையில் உங்களைக் கண்டேன். மேசைக்குப் பின்னால், கரும்பலகையைப் பார்த்தபடி, யாரோ தந்த போர்வையால் தலையை மூடி உட்கார்ந்திருந்தீர்கள். காலில் ஒரு சேலைத்துண்டு சுற்றியிருந்தது. உம்மாவுக்கு முழங்காலில் லேசான அடி என்றா உங்கள் மகள். நான் தலையாட்டினேன். மாமியின் முழங்காலைப் பற்றி மருமகன் விசாரிக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இல்லையே.

அதன்பிறகு திரைக்குப் பின்னால் உங்கள் நடை மாறிப்போனது. ஒரு காலடி ஊன்றி விழும். மற்றது இழுபட்டு வரும். அது எனக்குக் கேட்டது மாமி. கேட்டுக்கொண்டே நான் சோறு தின்றேன்.

அந்தக் காலத்தில்தான் நம் வீதிகளில் அந்த வெள்ளை வாகனங்கள் ஓடத் தொடங்கின. உதவி கொண்டுவந்தவர்களின் வாகனங்கள். மனிதர்கள் பால்மா பெட்டிக்கும் போர்வைக்கும் வரிசையில் நிற்க, நானும் வரிசையில் நின்றேன். என் கண் மட்டும் டயரில் நின்றது. என்ன டயர்! குட்டி யானையின் கால்போல. வெள்ளம் நின்ற ஒழுங்கையிலும் அவை ஒரு துளி நனையாமல் போயின. பிறகு வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். கடல் எல்லோரிடமிருந்தும் எடுத்துக்கொண்டு போனது. எனக்கு மட்டும் சீமெந்து வியாபாரத்தைக் கொண்டுவந்து போட்டது. இந்த டபுள் கெப் அப்படித்தான் வந்தது. அதை வெளியே சொல்ல இன்னும் நாக்குக் கூசுகிறது.

நாட்டுச் சண்டை முடிந்து, பாதைகள் திறந்து, நம் பொடியன்மார் எல்லாம் அறுகம்பே அறுகம்பே என்று ஓடிய நேரம். அங்கே கடற்கரை மணலில் ஒருவன் உயர்த்திய ஜீப்பில் வந்து இறங்கினான். இறங்கினான் என்பது பிழை, மாடியிலிருந்து குதித்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அன்று நித்திரை வரவில்லை. தொப்பையும் நரையும் வந்த வயதில் ஒரு மனிதனைத் திரும்பிப் பார்க்க வைக்க வேறு என்னதான் வழி?

வண்டியை உயர்த்தப்போகிறேன் என்றதும் உங்கள் மகள் இடுப்பில் கை வைத்தா. என்னத்துக்கு என்றா. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது நீங்கள்தான் மாமி.

"உங்க உம்மாட வயலுக்குப் போகத்தான். சண்டை முடிஞ்சிட்டே. அந்தப் பாதையில சாதாரண வாகனம் போகுமா?"

சொல்லும்போதே திரைக்குக் கீழே பார்த்தேன். நடந்துகொண்டிருந்த பாதங்கள் நின்றன. விரல்கள் மெல்ல உள்ளே மடங்கின. சொறிக்கல்முனைக்கும் அப்பால், உங்கள் உம்மா சீதனமாகத் தந்த வயல் அது. சண்டைக் காலம் முழுக்க நீங்கள் பார்க்காதது. கோபத்தின் விரல் எனக்குத் தெரியும். இது என்ன என்று அன்று விளங்கவில்லை. நான் என் அனுமதியைப் பெற்றுக்கொண்டு சம்மாந்துறைக்குப் போனேன்.

அங்கே டிரக்டர் திருத்துகிற கராஜ் பாஸ் ஒருவர், வாய் ஓயாத மனிதர். முன்பக்கத்து முறுக்குக் கம்பியை இறுக்கினார். பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பிளேட்டைக் கூட்டினார். நீளமான ஷொக் அப்சோபர்களைப் பூட்டினார். பெரிய டயர் திரும்பும்போது உரசியதால் மட்காட்டின் ஓரத்தை அறுத்து எறிந்தார். வண்டி ஒரு சாணுக்கும் மேலே எழும்பி நின்றது. கடைசியில், ஏறி இறங்கக் கால்படி போடுவமா என்று கேட்டார். வடிவு கெட்டுவிடும் என்றேன். வீட்டுப் பெண்களுக்கு என்றார். பழகிவிடுவார்கள் என்றேன்.

அதன்பிறகு நடந்ததை ஊரே சொல்லிச் சிரித்தது. வெளிச்சம் மேலே தூக்கி அடித்ததால் இரவில் நான் வீதியில் திரும்பினால் மாடிவீட்டுப் புதுமாப்பிள்ளைமார் ஜன்னலைச் சாத்தினார்கள். ஸ்பிரிங் இறுகிப்போனதில் ஒவ்வொரு குழிக்கும் வாயில் கலிமா வந்தது. ஸ்பீட் மீட்டர் என்னைப்போலவே பொய் சொல்லப் பழகியது. நான் ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. உயரத்தில் இருப்பவனுக்குக் கீழே சிரிப்பது கேட்பதில்லை.

வண்டி வந்து இரண்டு மூன்று நாளில், காலைச் சாப்பாட்டுக்கு முந்தியே உங்கள் மகள் வந்து, உம்மா வெளிக்கிட்டு நிற்கிறா என்றா. எங்கே என்றேன். வயலுக்கு, நீங்கள்தானே சொன்னீர்கள் என்றா.

வெளியே வந்து பார்த்தேன். வெள்ளைச் சேலை, முக்காடு, கையில் இடியப்பப் பொட்டலம். முற்றத்து வெயிலில், திரையில்லாமல், முழுதாக உங்களை அன்றுதான் கண்டேன். இவ்வளவு சின்ன மனுசியா நீங்கள்? கதவுக் கைப்பிடி உங்கள் முக்காட்டின் உயரத்தில் இருந்தது. வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்று பாஸோடு மணிக்கணக்காகக் கதைத்த நான், யாருடைய பெயரால் உயர்த்தினேனோ அவர் எவ்வளவு உயரம் என்று பார்த்ததே இல்லை.

பிளாஸ்டிக் கதிரை வந்தது. மணலில் அதன் கால்கள் நாலு பக்கமும் விரிந்தன. உரலைக் கவிழ்த்துப் போட்டோம். ஏறி நின்றீர்கள். அடுத்த கால் எழும்பவில்லை. வேலிக்கு மேலே தலைகள் முளைத்தன. மீன்காரன் சைக்கிளை நிறுத்திப் பெட்டியை மூடிவிட்டு நின்றான். மீனைவிட இது நல்ல வியாபாரம் என்று கண்டுவிட்டான் போலும். "லிஃப்ட் ஒண்டும் பூட்டுவமா ஹாஜி?" என்று ஒரு குரல் வந்தது.

நீங்கள் உரலில் நின்றபடி, மகளிடம் மெதுவாகச் சொன்னீர்கள். "மருமகனுக்குச் செல்லு புள்ள, எனக்குத்தான் ஏலா. வாகனம் நல்ல வாகனம்."

அந்தச் சொல்லோடு நான் மணலுக்குள் இறங்கிவிட்டேன் மாமி. இன்னும் முழுதாக ஏறவில்லை.

அந்த நேரம்தான் சாமித்தம்பி அண்ணன் வந்தார். சொறிக்கல்முனைக்காரர். சந்தையில் கத்தரிக்காய் இறக்கிவிட்டு லேண்ட்மாஸ்டர் கைடிரக்டரில், பின்னால் வெறும் இழுவைப் பெட்டியோடு திரும்புகிறவர். நின்று விசாரித்தார். உங்களை அடையாளம் கண்டார். "உம்மா, உங்கட வரம்புக்கு அங்கால எங்கட வயல்தானே. ஏறுங்களன்" என்றார். அந்தப் பெட்டி உங்கள் முழங்காலுக்கும் கீழே இருந்தது. சாக்கு விரித்து, நீங்களும் உங்கள் மகளும் உட்கார்ந்தீர்கள்.

கல்முனைக் கடைத்தெரு அப்படி ஒரு ஊர்வலத்தைக் கண்டதில்லை. முன்னால் டுக்டுக் என்று லேண்ட்மாஸ்டர். பின்னால், ஆமைக்குக் காவல் போகிற ஒட்டகம்போல, உயர்த்திய டபுள் கெப்பில் நான் தனியே. என் கடைப் பொடியன்கள்கூட வாசலுக்கு வந்து சலாம் சொன்னார்கள்.

சொறிக்கல்முனை தாண்டி ஒரு வாய்க்கால். மதகு சண்டையில் உடைந்தது, உடைந்தபடி கிடந்தது. லேண்ட்மாஸ்டர் நின்றுவிட்டது. நான் தண்ணீருக்குள் இறக்கி அக்கரை ஏறி, திரும்பவும் இக்கரை வந்தேன். டயர் பிடித்த பிடியைச் சொல்ல வேண்டும், ஒரு வழுக்கல் இல்லை. அப்படி ஒரு வீரம், உள்ளே ஏற ஆளில்லாமல். இனித் திரும்பத்தான் வேண்டும் என்று சாமித்தம்பி அண்ணன் தலையைச் சொறிந்தார்.

நீங்கள் வாய்க்கால் கட்டில் நின்று, கீழே ஓடுகிற தண்ணீரையும் என் வண்டியையும் பார்த்தீர்கள். பிறகு மகளிடம் சொன்னீர்கள்: "வாகனத்தக் கீழ இறக்கிக் கட்டோட அணைச்சு நிப்பாட்டச் செல்லு."

அப்படியே செய்தேன். வண்டியின் தளம் உங்கள் பாதத்துக்குச் சரிசமமாக வந்து நின்றது. ஒரு அறைக்குள் போவதுபோல நடந்து போய் உட்கார்ந்தீர்கள். கராஜில் ஒரு கிழமை உயர்த்தியதை நீங்கள் ஒரு சொல்லில் இறக்கினீர்கள்.

வயலடியிலும் அப்படி ஒரு கட்டோடு அணைத்துத்தான் உங்களை இறக்கினேன், ஏற்றினேன். வயல் என்று அங்கே ஒன்றும் இல்லை. ஆளுயரப் புல்லும் முள்ளும். நீங்கள் ஒரு மருத மரத்தை வைத்து எல்லையைக் கண்டுபிடித்தீர்கள். அழவில்லை. இடியப்பத்தைப் பிரித்து எங்களுக்குத் தந்துவிட்டு, கைப்பிடி மண்ணை எடுத்து மகளின் கையில் வைத்தீர்கள். "எங்க உம்மா எனக்குத் தந்த. இனி ஒனக்கு." நான் தூரத்தில் நின்று டயரில் ஒட்டிய சேற்றைப் பார்க்கிற மாதிரி நின்றேன்.

வரும் வழியில் நீங்கள் சின்னப்பிள்ளையாகிவிட்டீர்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்த்து, யார் வீட்டுக் கொடியில் யாருடைய சாரம் காய்கிறது, யார் மதிலுக்குள் புதிதாகக் கிணறு கட்டுகிறார்கள் என்று மகளின் காதில் ஒரே கதை. நான் ஒருவன்தான் இந்த வீட்டில் வம்பளக்கிறவன் என்று நினைத்திருந்தேனே!

வீட்டு வாசலில் வாய்க்கால் கட்டு இல்லை. வேலித் தலைகள் மறுபடி முளைக்கத் தொடங்கின. நீங்கள் இறங்கவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லி ஆட்கள் பள்ளிக்குப் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு உரலைப் போட்டோம். அது கால் எட்டாத ஆழத்தில் இருந்தது. உங்கள் மகள் தோளைப் பிடித்தா. நான் மணலில் முழங்காலிட்டு, உரலுக்கு மேலே என் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினேன். நீங்கள் தயங்கினீர்கள். மருமகனின் கையில் காலை வைப்பதா?

அப்போதுதான் நடுவில் ஆளில்லாமல், என்னிடம் ஒரே ஒரு தடவை கதைத்தீர்கள்.

"கண்ண மூடுங்க மருமகன்."

மூடினேன். அந்தப் பாதம் என் உள்ளங்கையில் இறங்கியது. இழுபட்டு நடக்கிற அந்தப் பாதம். ஒரு குருவியின் பாரம்தான். ஆனால் முழங்காலில் இருந்து அது நடுங்கிய நடுக்கம் என் தோள்வரை ஏறியது. லேசான அடி என்று கேட்டுத் தலையாட்டிய நாளிலிருந்து நீங்கள் எதன்மேல் நடந்துகொண்டிருந்தீர்கள் என்று என் கைக்கு அப்போது தெரிந்தது.

அடுத்த நாளே பாஸிடம் போனேன். இடப்பக்கம் மட்டும், உங்கள் அளவுக்கு, பதிவாக ஒரு படி. அவர் சிரித்த சிரிப்பை வாங்கிக்கொண்டேன். திரைக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது: மருமகன் படி போட்டிருக்கிறாராம், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், புல் வெட்டி விதைத்தால் அறுவடைக்குப் போவோம். புல் வெட்டினோம். விதைத்தோம். கதிர் பழுக்கும் முன் நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். அடுத்த அறுவடையில் நெல் அந்த வண்டியில் வந்தது. நீங்கள் மௌத்தாகி அப்போது நாற்பதாம் நாளும் கழிந்திருந்தது. படிக்கு அருகில் நான் ஒருவரையும் விடவில்லை. வலப்பக்கத்தால் ஏறுங்கள் என்று எத்தனை பேரை விரட்டினேன், காரணம் கேட்டவர்களுக்கு எத்தனை பகிடி விட்டேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன் மாமி. குசினி வாசலில் அந்தப் பழைய உயரமான நிலைப்படி இருக்கிறதே, அதன் அடியில் படியை வைத்து இரண்டு ஆணி இறுக்கினேன். சத்தம் கேட்டு உங்கள் மகள் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றா. கொஞ்ச நாளாக அவவின் நடையிலும் ஒரு காலடி பிந்தி விழுகிறது.

"முழங்கால் எவ்வளவு நோகுது? எவ்வளவு உயரம் ஏறலாம்?" என்று கேட்டேன்.

இதென்ன புதினமான கேள்வி என்றா. பிறகு திரைக்குக் கீழே ஒரு பாதம் வந்தது. சின்னப் பாதம், உங்களுடையது மாதிரியே. றப்பரின்மேல் மெல்ல ஊன்றியது.

நான் கண்ணை மூடவில்லை.