நான்கு நிமிடம் மிச்சம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், என் கால்களைத் தவிர. அதைப் பின்னால் சொல்கிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தத் தோள்பட்டை வலியை டாக்டரிடம் காட்டி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், நாற்பத்தொன்பது வயசுல நீந்தி, சைக்கிள் மிதிச்சு, அதுக்கு மேல ஓடவும் செய்யணுமா, எதுக்கும்மா உனக்கு இது என்று கேட்டாய். மூன்று நாள் யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. ஆரோக்கியத்துக்கு என்று சொன்னால் பொய், அதற்குத் தினமும் அரை மணி நேரம் நடந்தால் போதும். மன உறுதி, சாதனை என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, உனக்கே தெரியும். அதனால் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு இன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன வருடம் இதே போட்டியில் நான் பாதியில் விட்டதை உன்னிடம் சொல்லவில்லை. நீ கேட்டபோது நல்லா போச்சு என்று பேச்சை மாற்றிவிட்டேன். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். ஓட்டத்தின் ஏழாவது கிலோமீட்டரில் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஏறியது தப்பில்லை, ஆனால் அந்த ஏசி காற்று முகத்தில் பட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்ததே, அதுதான் ஒரு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. எனவே இந்த முறை எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: போட்டிக்குக் கொடுத்த நான்கு மணி நேரத்துக்குள் என் காலாலேயே முடிவுக் கோட்டைத் தாண்டுவது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, மணிக்கு எவ்வளவு வியர்வை போகிறது என்று நோட்டில் எழுதிவைத்தேன். உங்களை விக்கவா போறோம் மேடம், எதுக்கு இத்தனை தடவ எடை என்று அப்பா கிண்டல் செய்தார். ஆனால் வெளியாள் யாரும் எதையும் கையில் கொடுத்தால் தகுதி நீக்கம் என்று விதியில் இருப்பதைப் படித்ததும், நேராகப் போய்த் தண்ணீர் மேசைத் தொண்டராகப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்தே வளர்ந்த அவர் வயிற்றுக்கு அந்தத் தொண்டர் பனியன் பத்தவில்லை, தொப்புள் தெரிய நின்றார்.

ஏரியில் காவல் படகு பழுதாகி, ஏழு மணிக்குத் தொடங்க வேண்டியது எட்டரைக்குத்தான் தொடங்கியது. நீச்சல் பரவாயில்லை. கரையேறும்போதே வெயில் முதுகில் இஸ்திரி போட்டது. சைக்கிளில்தான் என் புத்திசாலித்தனம் வெளிப்பட்டது. உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கிராம் கணக்கில் கலந்த இரண்டு பாட்டிலையும், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நேற்றே உறைய வைத்திருந்தேன். பாதி உருகியிருந்ததை இரண்டிலிருந்தும் மடமடவென்று குடித்தேன், வாயெல்லாம் கரித்தது. பதினைந்தாவது கிலோமீட்டரில் சாலையோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அத்தனையும் வாந்தி எடுத்தேன். அப்புறம் மிச்சம் உருகியதைக் குடித்தால் வெறும் தண்ணீர். அப்போதுதான் உறைத்தது. உறைந்த கலவையில் உப்புதான் முதலில் உருகும் நீரோடு இறங்கிவிடும், கடைசிவரை கட்டியாக நிற்பது நல்ல தண்ணீர். பாதி உருகிய மாதிரியைத் தொடாதீர்கள், முழுக்க உருகட்டும், குலுக்கிவிட்டு எடுங்கள் என்று எங்கள் தண்ணீர் ஆய்வகத்தில் புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் இருபது வருடமாகத் திட்டுகிறவள் நான். அந்த மரமில்லாத சாலையில் தனியாக நின்று சிரித்தேன், பார்த்தவர்கள் வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஓட்டம் நான்கு சுற்று. நிழலிலேயே நாற்பத்திரண்டு டிகிரி என்றார்கள், நிழல் எங்கே இருந்தது என்று சொல்லவில்லை. உப்பெல்லாம் வாந்தியில் போய்விட்டதால் இரண்டாவது சுற்றில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அப்பாவின் மேசைக்கு நொண்டிக்கொண்டே போனேன். உப்புத் தட்டு அங்க இருக்கு மேடம், நீங்களே எடுத்துக்குங்க, எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் என்று விறைப்பாகச் சொன்னார், ஆனால் என் தலையில் இரண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் விட்டார். எலுமிச்சைத் துண்டை உப்பில் புரட்டிச் சப்பிக்கொண்டே நடந்தேன், கொஞ்சம் கொஞ்சமாகக் கால் விட்டுக்கொடுத்தது. கடைசிச் சுற்றில் எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, அந்த வேன் மட்டும். போன வருட டிரைவர்தான். ஏறுங்கம்மா, ஏசி பதினெட்டுல வெச்சிருக்கேன் என்றார். வேண்டாம் என்றேன். நீங்க ஏறினாதாம்மா நான் சாப்பிடப் போக முடியும் என்றார். நீங்க சாப்பிட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன் என்றேன். அதற்கப்புறம் மனிதர் மாறிவிட்டார். ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு, மீட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்: இன்னும் எண்ணூறு மீட்டர்தான், பதினோரு நிமிஷம் இருக்கு, நடக்காதீங்க, ஓடுங்க, ஓடுங்கம்மா!

ஓடினேன். ஒலிபெருக்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் சுருட்டியதைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடம். கோட்டைத் தாண்டியதும் நான் ஏதோ கத்தினேனாம், அப்பா எல்லோரிடமும் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார், எழுதக்கூடிய வார்த்தை இல்லை. மொத்தத்தில் கடைசி நான்தான். நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட பெண்களில் முதலிடமும் நான்தான், ஏனென்றால் அந்தப் பிரிவில் வேறு ஒருத்தியும் இல்லை. இதைப் பெருமையாக எடுத்துக்கொள்வது நியாயமா என்று யோசித்தேன், எடுத்துக்கொண்டேன்.

மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், இப்போது தண்ணீர் நன்றாக வருகிறது. அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. நீ காலையில் வெறும் காபியோடு ஓடாதே. நாளைக்கு விடுப்பு சொல்லியிருக்கிறேன், நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பேன், இதைப்பற்றி வெளியே யாரிடமும் வாய் திறப்பதாக இல்லை. நீ நினைத்ததெல்லாம் கைகூடி நூறு வயது நன்றாக இரு. தோளை டாக்டரிடம் காட்டிவிட்டு எழுது, மறக்காதே.

உன் அம்மா

திங்கள் மாலை. உறையை ஒட்டும் முன் இதையும் சேர்க்கிறேன். படுத்துக் கிடக்கவில்லை. எட்டரைக்கே ஆய்வகம் போய்விட்டேன், நம் வீட்டுப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கி. புதிதாகச் சேர்ந்த பெண் என் நடையைப் பார்த்துவிட்டு, பாத்ரூம்ல வழுக்கிட்டீங்களா மேடம் என்றாள். இல்லை என்றேன், அவள் வேறு எதுவும் கேட்காமலே கைப்பையிலிருந்து பதக்கத்தை எடுத்துக் காட்டினேன். மத்தியானம் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவருக்குக் காட்டினேன். சாயங்காலம், சோதனைக்குக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்த குழாய் வேலைக்காரரிடமும் நீட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதையும் டெஸ்ட் பண்ணணுமா மேடம் என்று கேட்டார். இல்லைங்க, இது நான் ஜெயிச்சது என்றேன்.