சைரன் ஊதினால் கீழே இறங்கு

அன்புள்ள பியூலாவின் அம்மாவுக்கு,

இது நானே எழுதுவது. ஒரு பக்கத்துக்கு நாலு நாள் ஆகிறது. முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "இன்னா தாத்தா, லவ் லெட்டரா?" என்றாள். "ஆமாம்மா, பொண்டாட்டிக்குத்தான்" என்றேன். வகுப்பே சிரித்தது.

மகள் பிரசவத்துக்கென்று அமெரிக்கா போன நீ என்ன செய்தாய்? பியூலா போனில் புலம்பினாள். "நைனா, டொர்னாடோ வருதுன்னு சைரன் ஊதுது, அம்மா பக்கெட் பக்கெட்டா தண்ணி புடிச்சிக்கினு கீது. தரைக்கு அடியில ரூம் கீது, வான்னா, 'புயலுக்குத் தண்ணி புடிச்சி வைக்க வாணாமாடி'ன்னு என்னையே திட்டுது!"

நம் கும்மிடிப்பூண்டிக்கு அது சரி. புயலை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவார்கள். டொர்னாடோ என்கிற சுழல்காற்று சில நிமிடங்களில் வந்துவிடும். நூலகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 1925-இல் அந்த நாட்டில் ஒரே சுழல்காற்று மூன்று மாநிலங்களைக் கடந்து 695 பேரைக் கொன்றது. 1989-இல் வங்கதேசத்தில் ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு பேர். எண்களை மூன்று முறை சரிபார்த்தேன்.

அதனால் சைரன் ஊதினால் பக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கு. நாற்பது வருடம் நீ சொன்னதை நான் கேட்டேன். இதை மட்டும் நான் சொல்கிறபடி செய்.

கீழே சும்மா உட்காராமல் எனக்குப் பதில் எழுது. விசாகப்பட்டினத்தில் நான் இரும்பு வேலைக்கு இருந்தபோது, உன் கடிதங்களை மேஸ்திரிதான் படித்துக் காட்டுவார். நீயும் நலம் விசாரித்து நிறுத்திக்கொள்வாய். இனி நானே படிப்பேன். என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்