வாசல் வெளிச்சத்தில் உன் நிறம்

இன்று காலை கைப்பையைக் காலி செய்தபோது உன் மகளின் கல்யாணக் கையுறைகள் கிடைத்தன. நேற்று சர்ச்சில் மோதிரம் மாற்றும் நேரத்தில் கழற்றி, முன்வரிசையில் இருந்த என்னிடம் கொடுத்தாள். திரும்ப வாங்க அவளும் மறந்தாள், கொடுக்க நானும் மறந்தேன். வெள்ளைத் துணி, மணிக்கட்டில் சின்னதாக லேஸ். வலது கட்டைவிரல் நுனியில் மட்டும் பழுப்பாக ஒரு தீற்றல். மூக்கருகே கொண்டுபோனேன். முகத்துக்குப் பூச நாம் கலந்த ஃபவுண்டேஷனின் வாசனைதான், கொஞ்சம் ரோஜா, கொஞ்சம் பெயின்ட். "என்னடீ இது, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி" என்று நான் முகம் சுளித்ததும், "குடியிருக்கற வீடுதானே, அடிச்சா என்ன" என்று நீ சொன்னதும் உடனே ஞாபகம் வந்தன. எழுத உட்கார்ந்துவிட்டேன். சமையல் அப்படியே கிடக்கிறது.

உன் கல்யாணத்திலும் இதே மாதிரிக் கையுறைதான். அப்போது நாம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரே ஆபீசில் எதிரெதிர் மேஜை. குடியிருக்கும் பேட்டையின் பெயரை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் உனக்கு மல்லேஸ்வரம், நீ எனக்கு லிங்கராஜபுரம். கல்யாணத்தன்று விடிந்ததும் உன் வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அக்கா ஏற்பாடு செய்த பியூட்டிஷியன் ஒரே ஒரு பாட்டிலைத் திறந்து வைத்திருந்தாள். "எல்லா பிரைடுக்கும் இதுதான் போடறேன். போட்டோல சும்மா அப்படி வரும்" என்றாள். உன் நிறத்துக்கும் அந்தப் பாட்டிலுக்கும் சம்பந்தமே இல்லை. நீ வேண்டாம் என்பதற்குள் அக்கா, "கல்யாணத்தன்னைக்காவது பளிச்சுனு இரேண்டீ" என்று சொல்லிவிட்டார். அந்தக் குரலில் இருந்தது கேலி இல்லை, பாசம்தான். அதனால்தான் நீ வாயை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினாய்.

முகத்துக்கு அடித்தது போதாதென்று கழுத்துக்கும் அடித்தாள். கைக்குத்தான் கையுறை இருக்கிறதே என்று கையை விட்டுவிட்டாள். சர்ச்சில் மோதிரத்துக்காக நீ கையுறையைக் கழற்றியதும் உன் சொந்தக் கை வெளியே வந்தது. முகம் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையது. போட்டோகிராபர் சரியாக அந்த நேரத்தில் படம் பிடித்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாய். "இதுல கை மட்டும்தான் நான். மூஞ்சி வாடகைக்கு எடுத்தது."

எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், வேறு குரலில் சொன்னாய்: "அன்னைக்கு அவர் என் முக்காட்டைத் தூக்கிப் பாத்தார் இல்ல, அப்ப எனக்கு, இவர் யாரைப் பாக்கறார்னு தோணிச்சுடீ." என் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை உன் பாக்ஸில் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் நம் தேடல் ஆரம்பித்தது. சம்பளம் வந்த சனிக்கிழமைகளில் கமர்ஷியல் ஸ்ட்ரீட், பிரிகேட் ரோடு என்று அலைந்தோம். அந்தக் காலத்துக் கடைகளில் தந்தம், கோதுமை, தேன் என்று பெயர் போட்டு வரிசையாக அடுக்கியிருப்பார்கள். என் நிறத்தோடு வரிசை முடிந்துவிடும். உன் நிறம் வரவேண்டிய இடத்தில் சுவர்தான் இருக்கும். ஒரு கடைப் பெண் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதக்கிந்த டார்க் பரல்லா மேடம்" என்றாள் கன்னடத்தில், இதைவிடக் கறுப்பாக வராது என்று. நீ கொஞ்சமும் அசரவில்லை. "நானு பந்தித்தீனல்லா" என்றாய், நான் வந்திருக்கிறேனே என்று. அந்தப் பெண் தலையைக் குனிந்து சிரித்தாள்.

பிறகு கறுப்பு நிறத்துக்கும் பாட்டில்கள் வர ஆரம்பித்தன. ஆனால் போட்டதும் உன் முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். கறுப்பு என்றால் எல்லாம் ஒன்று என்று யாரோ நினைத்துத் தயாரித்த பாட்டில்கள் அவை. உன் கறுப்புக்கு அடியில் ஒரு மஞ்சள் உண்டு, கொஞ்சம் சிவப்பும் உண்டு. அதை நீயே கண்டுபிடித்தாய், கையை ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்து. கடைசியில் சிவப்போடிய பாட்டில் ஒன்று, மஞ்சளோடிய பாட்டில் ஒன்று, இரண்டையும் வாங்கிக் காலி பாட்டில் ஒன்றில் கலந்தோம். உனக்கு அது டிசம்பரில் ஒரு கலவை, வெயில் காலத்தில் இன்னொரு கலவை.

எத்தனை தடவை சொன்னாலும் கடைக்காரிகள் புறங்கையில்தான் தடவிக் காட்டுவார்கள். "புறங்கையில போட்டா புறங்கைக்குத்தானே பொருந்தும்" என்று தாடையோரம் மூன்று கோடு இழுத்துக்கொள்வாய். "எந்தக் கோடு காணாமப் போகுதோ அதுதான் நம்மளது." அதோடு விடமாட்டாய். கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்ப்பாய், செக்யூரிட்டிக்காரர் பின்னாலேயே ஓடி வருவார். காற்றுப் பட்டதும் நிறம் கொஞ்சம் கறுக்கும் என்பதால் அதற்கும் காத்திருக்க வேண்டும். தாடையில் கோடுகளோடு, நின்றபடி சாப்பிடும் தர்ஷினி ஓட்டலில், ஒரு காபியை இரண்டாகப் பிரித்து பை டூ காபி குடிப்போம். அடுத்த மேஜைக்காரர் முறைத்தால், "ரோடு வேலை நடக்குது சார்" என்பாய். எனக்கு மானமே போய்விடும்.

என் முகத்தையும் நீ விட்டதில்லை. எண்ணெய் வழியும் என் மூக்குக்கு நீ வைத்த பெயர் பஜ்ஜிச் சட்டி. எனக்குக் க்ரீமே கூடாது, பளபளக்காத வகையாகப் பார்த்து வாங்கி, மேலே டிஷ்யூ பேப்பரை ஒற்றவேண்டும். உன் தோல் நேர்மாறு, நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும் அளவுக்கு வறட்சி. முதலில் க்ரீம், அது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம், பிறகுதான் ஃபவுண்டேஷன், அதுவும் மெல்லியதாக. அவசரப்பட்டால் மதியத்துக்குள் செதில் செதிலாக நின்றுவிடும். "உன் நிறம் உனக்குப் பிடிச்சிருக்கு, அப்புறம் எதுக்கு இந்தப் பூச்செல்லாம்" என்று ஒருமுறை கேட்டேன். "என்னை மறைக்க இல்லடீ. கண்ணுக்குக் கீழ இருக்கற கருவளையத்தை மட்டும் மறைக்க. அதை ஊருக்கெல்லாம் எதுக்குக் காட்டணும்" என்றாய். அதற்கப்புறம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நீ படுக்கையில் விழுந்த பிறகு மருந்து ஏற ஏற உன் நிறம் மாறியது. உன் கலவை உனக்கே பொருந்தவில்லை. போன் கேமராவில் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப நான் எந்த ஷேடுலயும் இல்ல, மல்லேஸ்வரம்" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தலையணைக்கு அடியிலிருந்து கலவைப் பாட்டிலையும் அந்த இரண்டு பாட்டில்களையும் எடுத்து என் மடியில் வைத்தாய். "அக்கா பவுடர் டப்பாவோட வருவா. அவளைத் திட்டாத. ஆனா என்னை என் மூஞ்சியோட அனுப்பு. சர்ச்சுக்கு ரெண்டாவது தடவையும் வேற ஆளா என்னால போக முடியாது." பேச்சை மாற்ற நான் ஏதோ உளறினேன். நீ விடவில்லை, சரி என்று சொல்லவைத்த பிறகுதான் என் மடியிலிருந்து கையை எடுத்தாய்.

நீ போன அன்று, நீ சொன்னபடியே நடந்தது. நான் வந்து சேர்வதற்குள் உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வெள்ளைப் புடவை, தலையில் பூ வளையம், கைகளில் வெள்ளைக் கையுறை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் முகம் சுண்ணாம்பாக இருந்தது. கல்யாணப் படத்தில் கையாவது நீயாக இருந்தாய். இங்கே அதுவும் மூடியிருந்தது. எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. நான் பாட்டிலை எடுத்ததும் அக்கா தடுத்தார். "போற நாள்லயாவது பளிச்சுனு போகட்டுமேம்மா" என்றார். அதே குரல், அதே பாசம். திட்டாதே என்று நீ சொல்லியிருக்காவிட்டால் என்ன பேசியிருப்பேனோ. உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள். "பெரியம்மா, அம்மாவே கேட்டிருக்காங்க. ஆன்ட்டி போடட்டும்" என்றாள். அக்கா பவுடர் டப்பாவை மார்போடு அணைத்தபடி ஒதுங்கி நின்றார்.

ஆனால் எதைப் பார்த்து நிறத்தைச் சேர்ப்பது? நோயில் மாறிய நிறம் உன்னுடையது இல்லை. கையுறையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. பாட்டிலில் இருந்ததோ பழைய வெயில் காலத்துக் கலவை. சுற்றிப் பார்த்தேன், எதிரே உன் நிறம் நின்றுகொண்டிருந்தது. உன் மகளைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனேன். ஷாமியானாவுக்கு வெளியே, வெளிச்சத்தில், அவள் தாடையில் மூன்று கோடு இழுத்தேன். மஞ்சளில் ஒரு சொட்டு கூட்டியதும் நடுக்கோடு காணாமல் போனது. அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். "அழாத, கோடு கலைஞ்சிடும்" என்றேன். என்ன பேச்சு அது, அந்த நேரத்தில். அவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஈரப்பஞ்சால் அந்த வெள்ளையைத் துடைத்தேன். உனக்கு எப்போதும் போடுகிற மாதிரி முதலில் க்ரீம் தடவினேன். உள்ளே இறங்கட்டும் என்று காத்திருந்தபோதுதான், இனி எதுவும் இறங்காது என்பது உறைத்தது. தோல் சில்லென்று இருந்ததால் ஃபவுண்டேஷன் பரவவே இல்லை. உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை மறக்கவில்லை. முடித்ததும் உன் வீட்டுக்காரர் வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஆமா. இவதான்" என்றார். பிறகு பாஸ்டர் வந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, எல்லோரும் எழுந்து நின்றோம்.

நேற்றுக் காலை அதே வீடு, அதே ஹால். நிறைய விளக்குகளோடு ஒரு மேக்கப் பெண் வந்திருந்தாள். சின்ன வயதுதான், கெட்டிக்காரி. ஆனால் பெட்டியைத் திறந்து அவள் முதலில் எடுத்தது உன் மகளைவிட நல்ல வெளுப்பான பாட்டில். கல்யாண வீட்டில் சண்டை போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பைக்குள் விரலால் நம் கலவைப் பாட்டிலைத் தடவிக்கொண்டிருந்தேன். உன் மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து உன் அக்கா உள்ளே வந்தார். போச்சு, பளிச்சுனு ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

அக்கா அந்தப் பாட்டிலை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இது வேணாம்மா. கழுத்தைப் பாரு, காதைப் பாரு. தாடையில கோடு போட்டு வாசலுக்குக் கூட்டிட்டுப் போ. வெளிச்சத்துல பாத்துட்டு அப்புறம் போடு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ ஏன் பையைக் கட்டிக்கிட்டு நிக்கற? அவ அம்மாவோடது இருந்தா எடுத்துக் கொடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

வாசலில் நின்று மூன்று பெண்கள் ஒரு தாடையைப் பார்த்தோம். தெருவில் போன ஸ்கூட்டர்காரர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார். நீ இருந்திருந்தால் அவருக்கும் ரோடு வேலை என்று ஏதாவது சொல்லியிருப்பாய்.

சர்ச்சில் மாப்பிள்ளை முக்காட்டைத் தூக்கினான். அவன் யாரைப் பார்க்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பையன் அப்படியே வாய் விட்டுச் சிரித்தான், அவள் கண்ணோரத்தைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டாள். பிறகு கையுறைகளைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். மோதிரத்துக்காக நீட்டிய கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே நிறம். உன் நிறம். பக்கத்தில் அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்து, "என் தங்கச்சி வந்துட்டாம்மா" என்று முணுமுணுத்தார். அதற்கப்புறம் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியில் நீர் படிந்துவிட்டது.

கையுறைகளை இன்று மாலை கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், அவை அவளுடையவை. மேக்கப் பெண் திருப்பித் தந்த பாட்டில் மட்டும் என் பையிலேயே இருக்கும். அடியில் கொஞ்சம்தான் மீதி. போன வாரம் சம்பிகே ரோடு மேக்கப் கடையில் பர்ஸைத் தேடும்போது அது வெளியே விழுந்தது. எடுத்துக் கொடுத்த பெண், பாட்டிலையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "இது உங்க ஷேடு இல்லையே மேடம்" என்றாள். தொழில் தெரிந்த பெண், சரியாகத்தான் சொன்னாள்.

"என்னோடதுதாம்மா" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.