காக்கி நூல்

பூண்டி,
1965 பங்குனி

என் உடன்பிறந்த மலைச்சாமிக்கு, அக்கா அழகம்மாள் எழுதுவது. மாற்றலாகிப் போன ஊரில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே பூண்டு பிடுங்கியாகிவிட்டது. உன் மச்சான் ஒருவரே பிடுங்கினார். இப்போதெல்லாம் அவர் யாரோடும் பேசுவதில்லை.

தை மாதம் இந்தி வேண்டாமென்று போன ஊர்வலத்தில் நம் குழந்தைவேலும் போனான். மலைக்குக் கீழே, அவன் படித்த ஊரில்தான் போலீஸ் சுட்டது. அதோடு பிள்ளையைக் காணோம். அன்றைக்கு நீயும் போலீஸ்காரனாக அங்கே காவலுக்கு நின்றாய். ஸ்டேஷனில் கேட்டதற்கு, "சுட்டதுல யாரும் சாகல. ஒம் மகன் பம்பாய்க்கு ஓடியிருப்பான், போய்ச் சோலியப் பாரு" என்றார்கள்.

பிறகு ஒரு நாள் ஜீப்பில் போலீஸ் வந்து வீடுவீடாக ஏறி இறங்கியது. அதிலிருந்து ஊரில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. நான் சொன்னால், யாரைக் கேட்கிறாய் என்பதுபோல் பார்க்கிறார்கள். அவனைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுக் காளியாயி, "அப்பிடி ஒரு பையனப் பாத்ததே இல்லேன்னு எங்ககிட்டக் கைநாட்டு வாங்கிட்டாங்கக்கா" என்று அழுதாள். நிஜமாகவே நான் ஒரு பிள்ளை பெற்றேனா என்று சில சமயம் எனக்கே திகைப்பாகிவிடுகிறது.

மாசியில் ஒரு நாள் வெள்ளனே கதவைத் திறந்தேன். வேலிகூடத் தெரியாத மூடுபனி. கிட்டப் போனால், வேலியில் அவனுடைய வெள்ளைச் சட்டை தொங்குகிறது. முள்ளெல்லாம் சொட்டுகிறது, சட்டையில் மட்டும் ஈரமே இல்லை. துவைத்து மடித்துப் போட்டிருந்தது. அந்நியர் வந்தால் ஊரையே எழுப்பும் நம் நாய் குரைக்கவில்லை. சோலைக் காட்டுப் பக்கம் திரும்பி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

சட்டை முதுகில் ஓர் ஓட்டை. காக்கி நூலால் தைத்திருந்தது. ஒரு தையல் முன்னே போய் பாதி பின்னே வரும் தையல். அம்மா போனபிறகு உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது. அடுத்த வாரமே உனக்கு மாற்றல் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது துப்பாக்கிச் சூட்டை விசாரிக்க ஒரு அதிகாரி கோடைக்கானலுக்கு வந்திருக்கிறார். காய்கறி லாரியில் போய் அவர் முன்னால் சட்டையை விரித்தேன். பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர், "முள்ளு கிழிச்சிருக்கும் சார், தைச்சுப் போட்டிருக்கான்" என்றார். நான் நூலைப் பல்லால் கடித்து ஒவ்வொன்றாக உருவினேன். ஓட்டையைச் சுற்றிக் கருகியிருந்தது.

அதிகாரி கருகலை விரலால் தடவிப் பார்த்தார். "எதிர்த்து வந்தவங்களத்தான் சுட்டோம்னு சொன்னீங்க. இது முதுகுல இருக்கே?" என்றார். பிறகு என்னிடம், "யாரும்மா தைச்சது?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. "அன்னிக்கு அங்க நின்ன போலீஸ்காரர் ஒருத்தராவது வந்து சொன்னாத்தாம்மா அரசாங்கம் பதில் சொல்லும். இல்லேன்னா இது வெறும் சட்டைதான்" என்றார்.

மலைச்சாமி, மூடுபனி இறங்கும்போதெல்லாம் அந்த நாய் சோலை ஓரத்துக்குப் போய்விடுகிறது. எதிரே யாரும் இல்லை, ஆனாலும் வாலை ஆட்டுகிறது. அதன் பின்னாலேயே போவேன். உள்ளே நுழையக் கால் வரவில்லை. ஒரு நாள் பிடரியில் யாரோ மூச்சு விட்டதுபோல் இருந்தது. பயமாக இல்லை. திரும்பிப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

அதிகாரி சித்திரை பிறக்கும்வரை இருப்பாராம். வா. யார் சுடச் சொன்னார்கள், யார் சுட்டார்கள் என்று அவர் கேட்பார். உள்ளதைச் சொல். நான் அதைக் கேட்கமாட்டேன். எனக்கு ஒன்று மட்டும் சொன்னால் போதும்: என் பிள்ளையை எந்த மரத்தடியில் படுக்க வைத்தாய்?

பூம்பாறை வேலப்பர் உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும்.

உன் அக்கா,
குழந்தைவேலின் அம்மா,
அழகம்மாள்