இடது பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்க வேளாவேளைக்கு மாத்திரை போடுறீங்களா?

கம்பெனியில எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்தாங்க. "கிட்னி ரெண்டும் ஜோரா இருக்கு"ன்னார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "இடதை எங்கப்பாவுக்குக் குடுத்துட்டேனே"ன்னு தழும்பைக் காட்டினேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அவரைவிதை மாதிரி ரெண்டு! "வெளி விளிம்புல லட்சக்கணக்கான பொடிச் சல்லடைங்க ரத்தத்தை வடிகட்டும், அழுக்குத் தண்ணி நடுவுல வந்து வடியும். ரெண்டுலயும் ரத்தம் ஓடுது, பாருங்க"ன்னார்.

மெஷின் கோளாறாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. கொடுத்ததைத் திருப்பி வாங்குற பழக்கம் நம்ம குடும்பத்துலயே கிடையாதே. ஆனா அன்னைக்கிலிருந்து இடுப்புல இடது பக்கம் கதகதன்னு இருக்கு.

தண்ணி நிறையக் குடிங்க. ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதான்னு ஒரு வரி எழுதுங்க.

வேலைக்கு நேரமாச்சு.

உங்க மகன்

அப்பா, ஸ்கேன் எடுத்த நாள்லேருந்து ஏன் போனை எடுக்கவே மாட்டேங்கறீங்க?