முப்பத்தொன்றாம் எண் பாட்டிலில் இருந்தது என்னுடையது இல்லை

அனுப்புநர்
சே. அம்சவல்லி (வயது 41),
க/பெ. சேட்டு,
உப்பளத் தொழிலாளி,
பள்ளிக்கூடத் தெரு,
மரக்காணம்,
விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: மரக்காணம் உப்பளப் பெண்களிடம் ஆய்வுக்காகச் சிறுநீர் வாங்கிச் சென்ற நிறுவனம், நால்வருக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பதைச் சென்ற ஜூன் மாதமே அறிந்தும் சொல்லாமல் விட்டது – சொல்லிவிட்டதாகப் பொய்யாக அச்சிட்டது – அளத்தில் வேலை தொடங்கும் முன் எல்லாப் பெண்களுக்கும் பரிசோதனை நடத்தக் கோருவது – தொடர்பாக.

இணைப்பு: மேற்படி நிறுவனத்தின் ஆங்கிலக் கட்டுரை, அக்டோபர் 2025 (நகல், பதினான்கு பக்கம்).

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மனுவில் 'தாழ்மையுடன்' என்று எழுதவேண்டும் என்பது எனக்குத் தெரியும். தங்கள் முன்னால் தாழ்மையாகவே நிற்கிறேன். ஆனால் சொல்ல வந்த விஷயம் அருவருப்பானது. எங்காவது வார்த்தை தடித்திருந்தால் அது தங்களை நோக்கியது அல்ல என்று கொள்ளுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பத்தொன்பது வருடமாக உப்பளத்தில் கூலி வேலை செய்கிறேன். எங்கள் அளத்தில் பெண்களுக்கு ஜோடி ஜோடியாகத்தான் வேலை. ஒருத்தி உப்பைக் கூடையில் அள்ளித் தூக்கிவிடுவாள், மற்றவள் தலையில் சும்மாடு வைத்து வரப்புக்குச் சுமப்பாள். நடுவில் மாற்றிக்கொள்வோம். ஒருத்திக்கு உடம்பு முடியாத நாளில் மற்றவள் இரண்டு பேர் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வாள். அதை யாரும் பெரிதாகப் பேசுவதும் இல்லை. என் ஜோடி சாலம்மாள். பதினொரு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே பாத்தியில் நிற்கிறோம்.

2. சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில், கிழக்குக்கரை வெப்பநல ஆய்வு நிறுவனம் என்ற பெயர் எழுதிய வெள்ளை வேன் ஒன்று அளத்துக்கு வந்தது. அதன் தலைவர் டாக்டர் பிரபாகரன். வெயிலில் வேலை செய்பவர்களின் சிறுநீரகம் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பது ஒன்று, தாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த துணி தலைச் சூட்டைக் குறைக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று, இந்த இரண்டுக்காகவும் வந்திருப்பதாகச் சொன்னார். துணி சாம்பல் நிறம், தொட்டால் மெழுகு தடவியது போல வழுவழுப்பாக இருக்கும். அதைச் சும்மாட்டுக்குள் மடித்து வைக்கவேண்டும். பதினெட்டு வயது முதல் ஐம்பது வரை உள்ள அறுபத்திரண்டு பெண்களைச் சேர்த்தார்கள். சாலம்மாளுக்கு ஆதார் அட்டையில் ஐம்பத்திரண்டு வயது. அவளை வேண்டாம் என்றார்கள்.

3. நான் நாலு எழுத்து படித்தவள் என்பதால் என்னை 'உள்ளூர் ஒருங்கிணைப்பாளர்' ஆக்கினார்கள். கழுத்தில் மாட்ட ஒரு அட்டையும் தந்தார்கள். எனக்கு அதில் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. சிறுநீர் கொடுப்பதா என்று கூச்சப்பட்டவர்களின் வீட்டுக்கெல்லாம் போய்ப் பேசினேன். "ஏதாச்சும் கோளாறு இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க, நமக்கு நல்லதுதானே" என்று மற்ற அறுபத்தொரு பேரிடமும் சொன்னது இந்த வாய்தான்.

4. உப்பளத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு எட்டிய வரை சமமான பாத்தி. மறைவுக்கு ஒரு புதர் கிடையாது, எந்த வரப்பைப் பார்த்தாலும் ஆண்கள் நிற்பார்கள். விடியும் முன்னே வேலைக்கு வருகிற நாங்கள் பதினோரு மணி வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடமில்லை, அவ்வளவுதான் காரணம். கழிப்பறை கேட்டுப் பல வருடமாகிறது. அந்த வேன் வந்த அன்றைக்கே நீலத் தார்ப்பாயால் நாலு பக்கமும் மறைத்து, உள்ளே தண்ணீர் வாளி வைத்து, ஒரு மறைப்பு எழும்பியது. கட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் மூத்திரம் அவர்களுக்குத் தேவைப்பட்ட பன்னிரண்டு நாளும் அது நின்றது. பதின்மூன்றாம் நாள் சுருட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் பரிசாகத் தந்தார்கள், நிறைய தண்ணீர் குடிக்க வேண்டுமாம்.

5. இனி என் குற்றத்தை எழுதுகிறேன். காலையில் ஒரு பாட்டில், மதியம் ஒரு பாட்டில் என்று கொடுக்க வேண்டும். ஒரு வேளை காலியாக வந்தாலும் அந்த எண்ணையே நீக்கிவிடுவோம் என்றார்கள். தண்ணீரே குடிக்காத பெண்களுக்கு மதியத்தில் எங்கிருந்து வரும்? வராதவளுக்கு அவள் ஜோடி நிரப்பிக் கொடுத்தாள். கூடையைத் தூக்கிவிடுவது போலத்தான் இதையும் நினைத்தோம். இது ஆய்வைக் கெடுக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, அட்டை மாட்டியிருந்த எனக்கும் தோன்றவில்லை. என் எண் முப்பத்தொன்று. கடைசி மூன்று நாளும் நான் வீட்டு விலக்கு. அதை வேனில் வந்த ஆண்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஆறு பாட்டிலையும் சாலம்மாளிடம் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே நிரப்பித் தந்தாள்.

6. அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. எங்களுக்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நாங்களும் இருந்துவிட்டோம். சென்ற மாதம் 24ஆம் தேதி, புதுச்சேரியில் நர்சிங் படிக்கும் என் மகள் நிவேதா விடுமுறைக்கு வந்தபோது, இணைத்துள்ள கட்டுரையைச் செல்போனில் கண்டுபிடித்து எனக்குத் தமிழில் சொன்னாள். பதினான்கு பக்கத்தில் ஒன்பது பக்கம் துணியின் பெருமை. தலைச் சூடு இரண்டரை டிகிரி குறைந்ததாம். பதினோராம் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் 8, 19, 31, 52 என்று நான்கு எண்கள். கடைசி மூன்று நாள் சிறுநீரைப் பார்த்ததில் இந்த நால்வருக்கும் சிறுநீரகம் மோசமாகக் கெட்டிருக்கலாம், உடனே சிகிச்சை தேவை என்று ஜூன் மாதமே தெரிந்துவிட்டது என எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஒரு வரி: 'உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் வழியாக நால்வருக்கும் தெரிவிக்கப்பட்டு, மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர்.' கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருக்கிறது.

ஆட்சியர் அவர்களே, எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. ஒரு போன்கூட இல்லை. யாரும் எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. நால்வரும் அந்த ஜூன், ஜூலை வெயிலிலும் கூடை சுமந்தார்கள்.

7. அன்றே டாக்டர் பிரபாகரனுக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை, நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, பேரும் நம்பரும் இருந்த லிஸ்ட்டை அழிச்சாச்சு. ரகசியம் காக்கணும்ங்கறது ரூல். நீங்க சொல்லியிருப்பீங்கன்னுதான் நாங்க நெனச்சோம், நீங்கதானே கோஆர்டினேட்டர்" என்றார். எதை வைத்து நான் சொல்லியிருப்பேன் என்று கேட்டேன். மீட்டிங் இருக்கிறது என்றார். வைக்கும் முன், "துணி பத்தி ஏதாச்சும் ஃபீட்பேக் இருந்தா வாட்ஸப்ல போடுங்கம்மா" என்றார். அந்தத் துணியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்புநீர் பட்டால் அது அரிக்கும். வேன் போனதும் எல்லோரும் அதை எடுத்து வரப்பில் வைத்துவிடுவோம். ஆனால் அளத்துக்காரர் ஆதிமூலம், போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்த நிழல் கொட்டகையை இப்போது வேண்டாம் என்கிறார். "அதான் துணி வந்துருச்சே, கொட்டாய் எதுக்கு?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

8. முப்பத்தொன்று என் எண் என்பதால் எனக்குத்தான் வியாதி என்று முதலில் பயந்தேன். 26ஆம் தேதி திண்டிவனத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தமும் சிறுநீரும் கொடுத்தேன். 27ஆம் தேதி முடிவு வந்தது, எனக்கு ஒரு குறையும் இல்லை. 'அப்பாடா' என்று பஸ் ஏறினேன். பெருமுக்கல் தாண்டும்போதுதான் அந்த ஆறு பாட்டில் நினைவுக்கு வந்தது. அப்படியானால் கெட்டிருப்பது சாலம்மாளின் சிறுநீரகம். கட்டுரையில் அவள் இல்லை, அழித்த பட்டியலிலும் அவள் பெயர் இருந்திருக்காது. இந்த உலகத்தில் அது என் ஒருத்திக்குத்தான் தெரியும். மற்ற மூன்று எண்ணும் யார் யாருடையவை என்று தெரிந்துகொள்ள, விஷயத்தைச் சொல்லாமல் சில பெண்களிடம் விசாரித்தேன். "நா அவளுக்குக் குடுத்தேன், அவ எனக்குக் குடுத்தா, எந்த நாளுன்னு யாருக்கு ஞாபகம்" என்று சிரிக்கிறார்கள். எண்ணும் யாருக்கும் நினைவில்லை. ஆகவே அந்த மூன்று பேர் யார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

9. மேற்படி எட்டுப் பத்தியையும் நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதி முடித்தேன். பிழை பார்க்க ஒருமுறை படித்தபோதுதான் உறைத்தது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தார்கள் என்று அவர்களைக் காறித் துப்பி எழுதியிருக்கிறேன். 27ஆம் தேதியிலிருந்து தெரிந்தும் நான் சாலம்மாளிடம் சொல்லவில்லை. தினமும் அவளைப் பார்க்கிறேன், தினமும் பேசுகிறேன். அவள் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு மார்கழிப் பனியைக் குறை சொன்னேன். ஆறு பாட்டிலை நீட்டியது நான் என்ற வெட்கம் ஒரு பக்கம், எல்லோரையும் நான்தானே இழுத்துவிட்டேன் என்ற பயம் ஒரு பக்கம். டாக்டரிடம் விதி இருந்தது, என்னிடம் வெட்கம் இருந்தது. இரண்டில் எதுவும் சாலம்மாளுக்கு உதவவில்லை. அவர்கள் மேல் வந்த அதே அருவருப்பு என் மேலும் வந்தது.

நேற்று மாலை அவள் வீட்டுக்குப் போய், இந்த மனுவை முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவள் எழுதச் சொன்னாள்: "அவங்களுக்கு ஆறு மாசமா தெரியும். உனக்கு ஒரு வாரமா தெரியும். என் உடம்பு, எனக்குத்தான் கடைசியா தெரியுது. சரி, நாளைக்கு நானும் வர்றேன், என் பேரப் போடு."

10. ஆகவே தங்களிடம் கேட்பது இது. பொங்கல் கழிந்ததும் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி இந்த ஆண்டு உப்பு வேலையைத் தொடங்கிவிடுவோம். அதற்கு முன் எங்கள் அளங்களில் வேலை செய்யும் எல்லாப் பெண்களுக்கும் அரசு மருத்துவர்களைக் கொண்டு ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல், கீழ் என்று பார்க்கவேண்டாம். எண் வேண்டாம். பெயர் எழுதி, முடிவைத் தமிழில் எழுதி, அவரவர் கையில் கொடுக்க வேண்டும். கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்றே சொல்லட்டும், கேட்டுக்கொள்ள எங்களுக்குத் தைரியம் இருக்கிறது.

மேற்படி நிறுவனத்தை விசாரித்து, அந்தப் பொய் வரியை நீக்கச் செய்யவேண்டும். நன்றி சொன்ன இடத்திலிருந்து என் பெயரையும் எடுக்கச் சொல்லவேண்டும். சிறுநீரை மாற்றிக் கொடுத்ததற்கு எனக்குத் தண்டனை உண்டென்றால் ஏற்றுக்கொள்கிறேன், மற்ற பெண்களை அதில் சேர்க்க வேண்டாம். துணியைக் காட்டி நிழல் கொட்டகையை மறுக்கக் கூடாது என்று அளத்துக்காரர்களுக்கு எழுத வேண்டும். வரப்புக்கு ஒரு கழிப்பறை வேண்டும். அதற்கு நிதி வரும் வரை நாலு தார்ப்பாய் போதும், அரை மணி நேரத்தில் கட்டிவிடலாம் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

சாலம்மாள் இன்று என்னோடு வந்திருக்கிறாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நீண்ட நேரம் நிற்க முடியவில்லை. இந்த மனுவுக்கு ரசீது எண் கொடுக்கும் முன் அவளை ஒரு மருத்துவரிடம் அனுப்பிவைக்கும்படி கைகூப்பிக் கேட்கிறேன்.

இடம்: விழுப்புரம்
நாள்: 05.01.2026, திங்கட்கிழமை

இப்படிக்கு,

சாலம்மாள் (இடது கைப் பெருவிரல் ரேகை)
வயது 52. ஆய்வு எண்: கொடுக்கப்படவில்லை.

சே. அம்சவல்லி (ஒப்பம்)
ஆய்வு எண்: 31